மறுகா

ஐந்தரைக்கு டயர்க் கடை இன்னும் பூட்டியிருக்கும்.
பக்கத்துப் படியால் ஏறி
மேல் அறை யன்னலைத் திறப்பேன்.
முதுகுக்குக் கடல், முகத்துக்கு வாவி.
கல்லடியில் வாடகைக்கு இருந்தால்
எதையும் இரண்டுக்கும் நடுவில்தான் செய்யவேண்டும்.

நேற்றைய படம் சுவரைப் பார்த்தபடி நிற்கும்.
உடனே தொடுவதில்லை.
தேத்தண்ணி ஊற்றிப் பாதி குடித்து,
தூரிகைகளை மண்ணெண்ணெயில் அலசி,
பழைய சாரம் கிழித்த துணியில் துடைத்து,
பிறகு சட்டென்று திருப்புவேன்,
கடன்காரர் தட்டமுதல்
தானே கதவைத் திறக்கிறவள் மாதிரி.

முதல் பார்வையில் தெரிவதுதான் பிழை.
இரண்டாம் பார்வை சாட்டுச் சொல்லத் தொடங்கிவிடும்.

பிழைகளுக்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி.

மாசி 4. பாலத்தை இரண்டு விரல் இடப்பக்கம் நகர்த்தினேன்.
பஸ்கள் ஒன்றும் சொல்லவில்லை.
மாசி 5. நகர்த்தியது பிழை. திரும்ப வைத்தேன்.
மாசி 9. தண்ணீரில் பச்சை கூடிப்போனது. வல்லாரைச் சம்பல்.
மாசி 10. சுரண்டினேன்.
மாசி 11. சுரண்டினேன்.
மாசி 17. காகம் வேண்டாம்.
மாசி 18. காகம் இல்லாமல் கம்பி தூங்குகிறது.
மாசி 23. தோணிக்காரரின் வலது கை பொய்.
ஆளை எடுத்துவிட்டேன்.

ஒருநாள் இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்
பழைய இரும்பு வாங்குகிறவரின் தராசில் வைத்தேன்.
வெறுஞ்சீலையாய் இருந்ததைவிட
ஒரு கிலோ எழுநூறு கூட.
மூன்று வருடம் நான் மனம் மாறிய கனம்.
“விக்கிறதா?” என்று கேட்டார்.
சட்டத்து ஆணியை மட்டும் பார்த்துக் கேட்டார்.

பங்குனி முதல் கிழமை
மீற்றர் பார்க்கிற புஸ்பாகரன் வந்தார்.
மீற்றர் பெட்டி என் அறைக்குள், கதவுக்கு மேலே;
அதனால் மாதத்துக்கு ஒருதரம்
என் படத்துக்கும் ஒரு பார்வையாளர்.
கதிரையில் ஏறி எண்ணைக் குறித்தார்.
இறங்கியவர் போகவில்லை.

“போன மாசம் இதுக்குள்ள ஒராள் நிண்டாரே அக்கா,
சாரத்த மடிச்சிக் கட்டினபடி.”

நான் தூரிகை கழுவினேன்.

“எங்க போனவர்?”

தோள்மூட்டு சரிவரவில்லை,
கம்பு ஊன்றும் விரல்களில் பாரம் இறங்கவில்லை
என்று சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.
அந்த இரண்டு சொல்லை
எத்தனை கந்தோர் வாசல்களில் கேட்டிருக்கிறேன்,
கோப்புகளை மார்போடு அணைத்து நிற்கும் பெண்களிடம்.
ஒரு படத்துக்கு முன்னால் கேட்டது
இதுதான் முதல்தரம்.

எழுபத்தாறு யூனிட்.
பில்லைக் கிழித்துத் தந்தார்.
“சரி, மறுகா வாறன்.”
படியில் அவருடைய செருப்புச் சத்தம்
கடைசிப் படிவரை கேட்டது.

அன்று வேறெதுவும் செய்யவில்லை.

அடுத்தநாள்
முனை உடைந்த கறிக்கத்தியால்
அந்த இடத்தை மெல்லச் சுரண்டினேன்.
நேற்றைய தண்ணீர் வந்தது.
முந்தாநாள் தண்ணீர் வந்தது.
ஒரு தோள்.
சாரத்து மடிப்பில் ஒரு துண்டு, கத்தரிப்பூ நிறம்.
முகம் இருந்த இடத்தில்
கத்தி ஆழப் போய்விட்டது,
சீலையின் நூல் தெரிந்தது.
கை மட்டும் முழுதாய் வந்தது.
பொய்யென்று நான் எழுதிவைத்த அதே கை.
தள்ளி நின்று பார்த்தேன்,
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
என்ன பிழை கண்டேன் அன்று?
கொப்பியிலும் காரணம் இல்லை.

பங்குனி 8. கை இருக்கட்டும்.

அதற்குப் பிறகு
காலையில் நான் செய்வதெல்லாம்
அதைச் சுற்றித் தண்ணீர் மாற்றுவது.
விரலிடுக்கில் ஒரு சாம்பல்,
மணிக்கட்டுக்குக் கீழே
வெளிச்சமா எண்ணெயா என்று தெரியாத ஒரு கோடு.
நூல் தெரியும் இடத்துக்குள்
இன்னும் தூரிகை போகவில்லை.

கீழே ஷட்டரைத் தூக்குகிறார்கள்.
பாலத்து விளக்குகள் அணைகின்றன.
இன்று நீலம் கொஞ்சம் கூடிப்போனதோ,
மறுகா பார்ப்பம்.